சம்பந்தியம்மா முன்னாடியிருந்து எடுத்த கிண்ணம்

என் தம்பி கில்ஹோவுக்கு சியோல்ல இருக்கிற ஊல்ஜிரோ டைல்ஸ் கடைச் சந்துல பேரே பியோங்யாங்காரர்தான். அவன் பியோங்யாங்கைக் கண்ணால பார்த்ததில்ல. சியோல்ல பிறந்து சியோல்லயே கிழவனானவன். பியோங்யாங்ல பிறந்தவ நானு. வடக்குக்கும் தெக்குக்கும் சண்டை நடந்த குளிர்காலத்துல எங்கப்பா என்னை முதுகுல கட்டிக்கிட்டு, உறைஞ்சு கிடந்த ஆத்தைத் தாண்டி தெக்க ஓடி வந்தாரு. அதுக்கப்புறம் இங்க வந்து பிறந்தவன் இவன். ஆனா என்னை ஒருத்தனும் பியோங்யாங்காரின்னு கூப்பிட்டதில்ல. பொட்டப்பிள்ளை எந்த ஊர்ல பிறந்தா என்ன, பாத்திரம் கழுவத் தெரிஞ்சாப் போதும்னு விட்டுட்டாங்க. பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பல. சரி, அத விடுங்க.

அவனுக்கு அந்தப் பேரு வந்தது நூடுல்ஸால. குளிர் நூடுல்ஸ். மெமில்ங்கிற கறுப்புத் தானிய மாவுல பிழிஞ்ச நூடுல்ஸை, மாட்டுக்கறி வேகவச்சு ஆறவச்ச சில்லுத் தண்ணியில போட்டு, மேல ரெண்டு கறித்துண்டு, முள்ளங்கி, பாதி முட்டை வச்சுத் தருவாங்க. எங்கப்பா ஊரு சாப்பாடு. எனக்கு அது பிடிக்காது, மறைக்க என்ன இருக்கு. கந்தல் துணிய அலசின தண்ணி மாதிரி இருக்கும். இத நான் சொன்னா கில்ஹோவுக்கு மூக்கு விடைச்சுக்கும்.

"அக்கா, உனக்கு இருக்கிறது நாக்கே இல்ல, செருப்பு. மூணு தடவை சாப்பிட்டுப் பாரு, நாலாவது தடவை ராத்திரி கனவுல வரும்."

"என் கனவுல செத்துப்போன புருசன் வர்றதே போதும்டா. சூப்பு வேறயா வரணும்?"

சியோல்ல குளிர் நூடுல்ஸ் எங்க சாப்பிடலாம்னு கேக்கணும்னா அந்த வட்டாரத்துல எல்லாரும் இவன்கிட்டதான் வருவாங்க. ஏதோ சர்க்கார் ஆபீசர் மாதிரி இவன் திருப்பி விசாரிப்பான். "யாரைக் கூட்டிட்டுப் போற? மாமனாரையா? அப்ப மலைச்சரிவுல இருக்கிற கடைக்குப் போ, அங்க சூப்புல கறி வாசம் தூக்கலா இருக்கும், பெரியவங்களுக்குத் திருப்தியா இருக்கும். தனியாப் போறியா? மாப்போ பக்கம் பாலத்துக்குக் கீழ ஒண்ணு இருக்கு, நூடுல்ஸ் கொஞ்சம் முரடு, ஆனா நேர்மையான கடை. பொண்ணு பார்த்துப் பழகுற நேரமா? எங்கயும் போகாத, அவளுக்குப் பிடிக்காது, உன்னை விட்டுட்டு ஓடிருவா." எல்லாத்துக்கும் மேல அவனுக்கு உசுரு, விளக்குக் கடைங்களுக்குப் பின்னால இருக்கிற பழைய கடைதான். எங்கப்பா அவனைச் சின்ன வயசுல கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போன கடை. என்னைக் கூட்டிட்டுப் போகல. நான் வீட்டுல சாதம் வடிச்சுக்கிட்டிருந்தேன்.

அந்தக் கடையில தூணுக்குப் பக்கத்துல அவனுக்குன்னு ஒரு இடம். சனிக்கிழமை மத்தியானம் அங்க உக்காந்தான்னா, சுத்தி இருக்கிறவங்களுக்கு நிம்மதி போச்சு. எவனாவது கத்திரிக்கோலால நூடுல்ஸை வெட்டினா, "தம்பி, அத ஏன் வெட்டுற, உன் ஆயுசை வெட்டுறியா?"ம்பான். எவளாவது கடுகு விழுது போட்டா தலையில அடிச்சுக்குவான். வினிகர் பாட்டிலைத் தொட்டாலே போதும், எந்திரிச்சு அவங்க மேசைக்கே போயிருவான். "எங்கப்பா பியோங்யாங்ல பிறந்து வளந்தவரு. சாகுற வரைக்கும் இதுல ஒரு சொட்டு வினிகர் விட்டதில்ல. அப்படியே சாப்பிடணும். அதான் நிஜம். மத்ததெல்லாம் பட்டணத்து வேஷம்."

சின்னஞ்சிறுசுங்க முதல்ல சிரிச்சுதுங்க. அப்புறம் ஒரு பொண்ணு இவன் பேசுறத ஃபோன்ல பிடிச்சுப் போட்டுவிட்டுட்டா. அத ஊரே பார்த்துச்சாம். அதுக்கப்புறம் இவன் தலையில கொம்பு முளைச்சிருச்சு. விளக்குக் கடை மா இருக்கானே, இவனோட கூட்டாளி, அவன்தான் கிண்டல் பண்ணுவான்: "ஏய் பியோங்யாங்காரரே, நேத்து என் பொண்டாட்டி சோயா சூப்புல உப்பு போட்டுட்டா. போலீஸ்ல சொல்லட்டுமா?"

நான் அவனை ஏசுறேன்னு நினைக்காதீங்க. அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். மீசை முளைக்கிறதுக்கு முன்னாலயே டைல்ஸ் பெட்டிய முதுகுல கட்டி மாடி மாடியா ஏத்தினவன். அந்த முதுகு இன்னைக்கும் நிமிராது. அப்புறம் அலமாரி அளவுல ஒரு கடை போட்டான். கட்டிக்கிட்டவ நல்லவ, ஆனா நெஞ்சுல வியாதி வந்து பாதியில போயிட்டா. உன்சோல் அப்போ பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்தா. வீட்டுல அப்பனும் மகளும் மட்டும். இவனுக்குப் பிள்ளைகிட்ட என்ன பேசுறதுன்னு தெரியாது. சனிக்கிழமை ஆனா அவளையும் கூட்டிட்டுப் போய் அந்தச் சூப்பு முன்னால உக்கார வைப்பான். "உன் தாத்தா எப்படிச் சாப்பிடுவாரு தெரியுமா"ன்னு ஆரம்பிப்பான். அது பாவம், தலைய ஆட்டும். அவனுக்குச் சொத்துன்னு சொல்லிக்க வேற என்ன இருந்துச்சு? அப்பா விட்டுட்டுப் போனது அந்த ஒரு கிண்ணம்தான்.

உன்சோலுக்கு வயசு ஏறிக்கிட்டே போச்சு. சந்துல எல்லாரும், "பியோங்யாங்காரரே, எப்ப எங்களுக்கு நூடுல்ஸ் போடப் போறீங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. கல்யாணம் எப்பன்னு அப்படித்தான் கேப்பாங்க. கடைசியில ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினா. ஜின்மோன்னு பேரு. லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். கை சுத்தம், பேச்சு கம்மி. அப்பா இல்ல, அம்மா மட்டும். எனக்குப் பார்த்ததும் பிடிச்சுப் போச்சு. பேசாத ஆம்பளை லேசுல கிடைக்க மாட்டான்.

ரெண்டு குடும்பமும் முதல் தடவை உக்காந்து சாப்பிட்டுப் பேசணும்ல, அதுக்கு எல்லாரும் தனி ரூம் இருக்கிற பெரிய ஓட்டலுக்குப் போவாங்க. கதவை மூடிக்கிட்டு, ஒவ்வொரு தட்டா வரும், ஆளுக்கு ஆள் குனிஞ்சு குனிஞ்சு மரியாதை பண்ணிக்குவாங்க. இவன் என்ன சொல்றான்? பழைய நூடுல்ஸ் கடை மாடிதானாம்.

"அப்பா, அங்க வேணாம்பா. ஜின்மோ அம்மா ரொம்பக் கூச்சப்படுறவங்க. வேற எங்கயாவது போலாம்"னு உன்சோல் கெஞ்சினா.

"கல்யாணத்துக்கு நூடுல்ஸ்தானே சாப்பிடணும்? அதுலயும் இது குளிர்காலம். குளிர் நூடுல்ஸோட நிஜ காலமே இதுதான். உன் தாத்தா..."

"தாத்தாவும் வர்றாரா பேச்சுக்கு?"ன்னேன் நான்.

"நீ வாய மூடிக்கிட்டு அம்மா இடத்துல உக்காரு, போதும்."

அந்த இடத்துலதான் உக்காந்தேன். நல்ல பட்டு உடுத்திக்கிட்டு, இருக்கிற ஒரே மோதிரத்தையும் போட்டுக்கிட்டுப் போனேன். மாடி அறை, குளிருக்காகத் தரைக்கு அடியில சூடு ஓடுது, தாழ்வா ஒரு மேசை. ஜின்மோவோட அம்மா சுன்சில் வந்தாங்க. என்னை விடச் சின்னவங்க, ஆனா கை என் கைய விட வயசானது. துணியில கட்டின அரிசிப் பலகாரப் பெட்டிய ரெண்டு கையாலயும் நீட்டினாங்க. பேசவே இல்ல. எது கேட்டாலும், "ஆமாங்க", "இல்லீங்க". பையன்தான் பக்கத்துல உக்காந்து அவங்களுக்கும் சேர்த்துப் பதில் சொன்னான். நான் நினைச்சேன், மாமியார் இப்படி வாயில்லாதவங்களா இருந்தா என் மருமகளுக்கு யோகம்தான்னு.

"சம்பந்தியம்மாவுக்குச் சொந்த ஊரு எது?"ன்னு கில்ஹோ கேட்டான்.

ஜின்மோ முந்திக்கிட்டான். "கங்வோன் பக்கங்க. மலையில."

அந்தம்மா மகனை ஒரு தடவை பார்த்தாங்க. அப்புறம் மேசையைப் பார்த்துக்கிட்டு, "ஆமாங்க. கங்வோன்"னாங்க.

கிண்ணங்க வந்துச்சு. கில்ஹோ எல்லாருக்கும் முன்னால ஒரு பிரசங்கத்துக்குத் தொண்டையக் கனைச்சான். அவன் ஆரம்பிக்கிறதுக்குள்ள அந்தம்மா குச்சியால நூடுல்ஸை உயரத் தூக்கினாங்க. இன்னொரு கையால வினிகர் பாட்டிலை எடுத்தாங்க. நூடுல்ஸ் மேல சுத்திச் சுத்தி ஊத்தினாங்க. சூப்புல ஒரு சொட்டு விழல, நூடுல்ஸ் மேல மட்டும். அப்புறம் கடுகு. அப்புறம் பரிமாறுற பொண்ணுகிட்ட மெதுவா மிளகாய்ச் சட்டினி இருக்கான்னு கேட்டு, அதையும் போட்டுக் கலக்கினாங்க. தெளிஞ்ச சூப்பு செக்கச்செவேல்னு ஆயிருச்சு.

மேசைக்கு அடியில தம்பி தொடையக் கிள்ளினேன். அவனுக்கு எங்க உறைக்கப் போவுது.

"ஐயோ, சம்பந்தியம்மா! என்ன பண்ணிட்டீங்க!"

அவங்க குச்சி அந்தரத்துல நின்னுச்சு.

"தப்பா நினைக்காதீங்க. கங்வோன்ல மலைக்காட்டுல இப்படிக் கிண்டிக் கலக்கிச் சாப்பிடுறது பழக்கமா இருக்கும். ஆனா இது பியோங்யாங் நூடுல்ஸ். எங்கப்பா இத இப்பப் பார்த்தாருன்னா குழியிலிருந்து எந்திரிச்சு வந்துருவாரு. இதுல எதுவும் போடக் கூடாதுங்க. போட்டா மாட்டுக்குப் போடுற கழனித்தண்ணி ஆயிரும்." சொல்லிட்டு, சிரிச்சுக்கிட்டே, பெரிய மனுசத்தனமா, "இருங்க இருங்க, நிஜ ருசியக் காட்டுறேன். ஏம்மா, இதக் கொண்டு போயிட்டு சம்பந்தியம்மாவுக்கு வேற கிண்ணம் கொண்டா"ன்னு சொல்லி, கையை நீட்டி அந்தம்மா முன்னாலிருந்த கிண்ணத்தைப் பிடிச்சு எடுத்தான்.

சாப்பிட உக்காந்த ஒருத்தர் முன்னால இருந்து. குச்சி கையில இருக்கிறப்ப. நான் அவன் கைய வெட்டிப் போட்டிருக்கணும்.

அந்தம்மா ரெண்டு கையாலயும் கிண்ணத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. இவன் விளையாட்டுன்னு நினைச்சு இன்னும் இழுத்தான். சூப்பு தளும்பி, அவங்க போட்டிருந்த வெள்ளை ரவிக்கை நெஞ்சு பூரா சிவப்பா வழிஞ்சுது.

"விடுங்க."

அந்த ஒரு சொல்லுல எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அந்த இழுப்பு. அந்த மேலயேறி இறங்குற ராகம். எங்கப்பா செத்ததுலேர்ந்து என் காதுல விழாத பேச்சு.

"சாப்பிடுறவ முன்னாலேர்ந்து கிண்ணத்த எடுக்காதீங்க. நான் பியோங்யாங்காரி. தெதோங் ஆத்தங்கரையில பிறந்து, அங்கயே பிள்ளை பெத்து, அங்கயே புருசனப் புதைச்சவ. இந்த நூடுல்ஸ் எனக்கு எங்கம்மா ஊட்டினது. இப்படித்தான் ஊட்டுனாங்க."

கில்ஹோ கை தானா விட்டுருச்சு. மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு. ஜின்மோ தலையத் தொங்கப் போட்டுட்டான். உன்சோல் வாயைக் கையால மூடிக்கிட்டா. அவளுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு. வடக்கேயிருந்து தப்பி வந்தவங்கன்னா இங்க ஒரு மாதிரி பார்ப்பாங்கன்னு, கல்யாணம் ஆகுற வரைக்கும் சொல்ல வேணாம்னு பிள்ளைங்க ரெண்டும் பேசி வச்சிருக்குங்க. அதான் மகன் அம்மாவை வாயத் தொறக்க விடல. தொறந்தா பேச்சு காட்டிக் கொடுத்துரும்ல.

அந்தம்மா எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு நினைச்சேன். போகல. ரவிக்கையத் துடைக்கக்கூட இல்ல. குனிஞ்சு சாப்பிட்டாங்க. நூடுல்ஸ் பூரா சாப்பிட்டு, கிண்ணத்தை ரெண்டு கையால தூக்கி, சூப்பைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாங்க. நாங்க நாலு பேரும் சிலை மாதிரி உக்காந்திருந்தோம். அப்புறம் கோட்டைப் போட்டு சிவப்புக் கறைய மறைச்சுக்கிட்டாங்க. எனக்குக் குனிஞ்சு வணக்கம் வச்சாங்க, அவனுக்கும் வச்சாங்க. படியிறங்கிப் போயிட்டாங்க. ஜின்மோ பின்னால ஓடினான்.

உன்சோல் அப்பனைப் பார்த்தா. திட்டினாக்கூடப் பரவால்ல. திட்டல. "சாப்பிட்டு முடிங்கப்பா. எதுவும் போடாம"ன்னு மட்டும் சொல்லிட்டு அவளும் போயிட்டா.

அதுக்கப்புறம் அவ அப்பன் வீட்டுப் பக்கமே வரல. வேலை செய்யுற பல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ஒரு சிநேகிதி வீட்டுல தங்கிட்டா. நான் ஃபோன் பண்ணிக் கேட்டப்ப, "அத்தை, ஜின்மோ அம்மா வேணாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. பேசவே மாட்டேங்கிறாங்க. ஜின்மோ, அம்மா சரின்னு சொல்லாம தேதி வைக்க மாட்டேங்கிறான். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்களக் கேக்குறது?"ன்னு அழுதா.

கில்ஹோ கடைய இழுத்துப் பூட்டிட்டான். சனிக்கிழமை நூடுல்ஸ் கடைக்கும் போகல. விளக்குக் கடை மா விவரம் தெரியாம வந்து, "பியோங்யாங்காரரே, பூசான்லேர்ந்து என் மச்சான் வர்றான், நூடுல்ஸுக்கு எங்க கூட்டிட்டுப் போகட்டும்?"னு கேட்டிருக்கான். "எங்கயாவது போய்த் தொலை. அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடாத"ன்னு இவன் கதவைச் சாத்திட்டானாம். மா என்கிட்ட வந்து, "அக்கா, இவனுக்குப் பேய் புடிச்சிருச்சா?"ன்னான்.

போய்ப் பார்த்தேன். போர்வைய இழுத்து மூடிக்கிட்டுச் சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தான். அறை பூரா கிழவன் நாத்தம்.

"எந்திரி. போய் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"என்னால முடியாதுக்கா. கழனித்தண்ணின்னு சொன்னேன். அவங்க அம்மா ஊட்டினதப் போய்." போர்வைக்குள்ள இருந்து குரல் வந்துச்சு. "ஆனா அக்கா, அப்பா போடலியே. நான் என் கண்ணால பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். அந்தம்மா பியோங்யாங்காரியா இருந்தாலும், அப்பாவும் பியோங்யாங்காரர்தானே? அப்பா செஞ்சதுதானே சரி?"

அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இன்னமும் சரி தப்பு பார்க்குறான் பாருங்க.

"அப்பாவுக்கு வயித்துல புண்ணுடா, மடையா."

போர்வை அசையல.

"நீ பிறந்ததுலேர்ந்து அவருக்கு வயித்துப்புண்ணு. புளிப்பு ஆகாது, காரம் ஆகாது. வைத்தியரு தொடக் கூடாதுன்னுட்டாரு. தினமும் விடிகாலையில முட்டைக்கோஸை இடிச்சுப் பிழிஞ்சு சாறு குடுத்தது யாரு? நானு. அதுக்கு முன்னால, நீ பிறக்கிறதுக்கு முன்னால, அம்மா வீட்டுல நூடுல்ஸ் பிழிஞ்சா அவரு இப்படித்தான் குச்சியில தூக்கிப் பிடிச்சு வினிகரை ஊத்துவாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கடுகு அள்ளிப் போட்டுட்டு மூக்கப் பிடிச்சுக்குவாரு. நீ பார்த்தது பியோங்யாங் இல்ல. வயித்துவலிக்காரனப் பார்த்த."

அப்புறம் போர்வைக்குள்ளிருந்து, "இத ஏன் இத்தனை வருஷம் சொல்லல?"ன்னான்.

"சொல்லி என்ன ஆகப் போவுது? உனக்கு இருந்தது அது ஒண்ணு. அதையும் நான் பிடுங்கணுமா?"

எந்திரிச்சு உக்காந்தான். முகம் பூரா சிவந்திருந்துச்சு. "கத்திரிக்கோலு வச்சிருந்த அந்தப் பையன்... ஒரு நாள் கர்ப்பிணிப் பொண்ணு ஒருத்தி கடுகு கேட்டப்போ நான் பேசினது... ஐயோ, அக்கா. அந்த வீடியோ." காதைப் பொத்திக்கிட்டான், ஏதோ அந்த வீடியோ அங்கயே ஓடுற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். வயசான தம்பி கூனிக் குறுகி உக்காந்திருக்கிறதப் பார்த்து எவளால சிரிக்க முடியும்?

முகத்தைக் கழுவ வச்சு, சட்டைய மாத்த வச்சு, நோவோனுக்கு இழுத்துட்டுப் போனேன். அங்க அடுக்குமாடியில ஒரு சின்ன வாடகை வீடு அந்தம்மாவுக்கு. முதியோர் இல்லத்துல வேலை, என்னை மாதிரிக் கிழவிங்களைக் குளிப்பாட்டி விடுறது. அன்னைக்கு லீவு. கதவைத் தொறந்தவங்க எங்களைப் பார்த்துட்டு எதுவும் சொல்லல, வழி மட்டும் விட்டாங்க. கொடியில அந்த வெள்ளை ரவிக்கை தொங்குச்சு. துவைச்சிருக்காங்க. கறை போகல.

கில்ஹோ அதப் பார்த்துட்டான். வழி பூரா மனப்பாடம் பண்ணிட்டு வந்த பேச்சு எல்லாம் போச்சு. செருப்பைக்கூடச் சரியாக் கழட்டாம, ஒரு கால்ல போட்டபடியே உள்ள வந்து, தரையில விழுந்து நெத்தி படக் கும்பிட்டான். எந்திரிக்கல. நான்தான் அந்தச் செருப்பைப் பிடுங்கி வாசல்ல போட்டேன்.

"சம்பந்தி, எந்திரிங்க"ன்னாங்க அவங்க.

"எங்கப்பாவுக்கு வயித்துப்புண்ணுங்க"ன்னு தரையைப் பார்த்துச் சொன்னான்.

அந்தம்மா என்னைப் பார்த்தாங்க, இவனுக்குப் புத்தி பிசகிருச்சாங்கிற மாதிரி. நான் விவரமாச் சொன்னேன். கேட்டுட்டு அவங்க சிரிக்கல. அடுப்படிக்குப் போய் ரெண்டு டம்ளர்ல சூடா பார்லி தண்ணி கொண்டு வந்து வச்சாங்க. அவங்க சொந்தப் பேச்சுலதான் பேசினாங்க இப்ப, ஒளிக்காம.

"கழனித்தண்ணின்னு சொன்னதுக்கு எனக்குக் கோவம் வந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கிண்ணத்தை எடுத்ததுக்கு அதை விடக் கோவம். எங்க ஊர்ல சோறு இல்லாத வருஷங்க இருந்துச்சு. என் மாமியாரு தன் கிண்ணத்தை என் பையன் பக்கம் தள்ளித் தள்ளி வச்சே போய்ச் சேர்ந்தாங்க. அதனால கிண்ணம் நகர்ந்தா என் கை தானாப் பிடிச்சுக்கும்."

கில்ஹோ தலை இன்னும் கீழ போச்சு.

"ஆனா அதுக்காக நான் பேசாம இல்ல. எந்த ஊருன்னு நீங்க கேட்டீங்கல்ல? கங்வோன்னு சொன்னேன். எங்கம்மா புதைஞ்சு கிடக்கிற ஊரை, நாக்குக் கூசாம இல்லேன்னு சொல்லிட்டேன். நீங்க எங்கப்பா ஊருன்னு மார்தட்டுறீங்க, பார்க்காத ஊருக்கு. நான் பார்த்த ஊரை மறைச்சுட்டு உக்காந்திருக்கேன். அத நினைச்சா எனக்கு யார் முகத்துலயும் முழிக்கப் பிடிக்கல. என் மகன் முகத்துல கூட."

பார்லி தண்ணிய எடுத்து ஒரு வாய் குடிச்சேன்.

நான்தான் கேட்டேன், கேக்கத்தானே போனோம். "அப்ப பிள்ளைங்க கல்யாணம்?"

"நடக்கட்டும் அக்கா. உங்க பொண்ணு மேல எனக்கென்ன குறை? ஒண்ணு மட்டும். மேடையில பேரைச் சொல்றப்போ, பியோங்யாங் சுன்சிலோட மகன்னு சத்தமாச் சொல்லணும். உங்க சொந்தக்காரங்க யாராச்சும் மூஞ்சியச் சுளிச்சா சுளிச்சுக்கட்டும்."

"சுளிச்சா நான் அறைவேன்"னேன்.

"நானே சொல்றேன். மைக்கை வாங்கி நானே சொல்றேன்"னான் கில்ஹோ, அழுதுக்கிட்டே.

"வேணாம். நீங்க மைக்கைப் பிடிச்சா நூடுல்ஸ் பத்திப் பேசுவீங்க"ன்னாங்க அந்தம்மா. அப்பத்தான் முதல் தடவையா அவங்க பல்லைப் பார்த்தேன். முன்னால ஒண்ணு இல்ல.

வாசல்ல செருப்பு மாட்டுறப்ப அவங்களே, "அந்தக் கடை நல்ல கடைதான். சூப்பு எங்க ஊரு மாதிரி இல்ல. ஆனா நூடுல்ஸ்ல மெமில் வாசம் இருக்கு, மத்த கடையில அதுகூட இல்ல. இன்னொரு தடவை எல்லாரும் போவோம்"னாங்க. கில்ஹோ முகத்துல ஒரு நொடி பழைய வெளிச்சம் வந்துச்சு, அந்தக் கடையப் பத்தி என்னவோ சொல்ல வாயைத் தொறந்தான். நான் முழங்கையால இடிச்சேன். மூடிக்கிட்டான்.

தேதி வச்ச வாரமே போனோம். மாடி அறை கிடைக்கல, கீழ கூட்டத்துல அஞ்சு பேரும் நெருக்கி உக்காந்தோம். கிண்ணம் வந்ததும் கில்ஹோ வினிகர் பாட்டிலை எடுத்து, ரெண்டு கையாலயும், தலையக் குனிஞ்சு, சம்பந்தியம்மாகிட்ட நீட்டினான். அவங்க ஊத்திட்டு அவன் பக்கம் வச்சாங்க. அவன் கை பாட்டிலைத் தொட்டுச்சு, எடுக்க முடியல. வருஷக்கணக்கா மத்தவன் கையைத் தட்டிவிட்ட கை அது.

"விடுங்க சம்பந்தி. உங்கப்பா சாப்பிட்ட மாதிரியே சாப்பிடுங்க. வயித்துப்புண்ணு வந்தாலும் அவரும் எங்க ஊர்க்காரர்தானே"ன்னாங்க.

அந்த நேரம் பார்த்து பக்கத்து மேசையில ஒரு பையன், கூட வந்த பொண்ணுகிட்ட, கடை பூரா கேக்குற மாதிரி ஆரம்பிச்சான். "ஐயையோ, வினிகரைத் தொடாத! எதுவும் போடக் கூடாது. நிஜமான பியோங்யாங்காரங்க ஒரு சொட்டுகூட விட மாட்டாங்க. மத்ததெல்லாம் பட்டணத்து வேஷம்." வார்த்தைக்கு வார்த்தை, அந்த வீடியோவுல இவன் பேசின அதே பேச்சு. அந்தப் பொண்ணு பாட்டிலைக் கீழ வச்சுட்டா.

உன்சோல் உதட்டைக் கடிச்சுக்கிட்டா. ஜின்மோ மேல கூரையப் பார்த்தான். சம்பந்தியம்மா நூடுல்ஸை உயரத் தூக்கிப் பிடிச்சு, இன்னொரு சுத்து வினிகர் விட்டுக்கிட்டே, "நல்லாப் பேசுறான் அந்தப் பிள்ளை. யாருகிட்டக் கத்துக்கிட்டானோ"ன்னாங்க.

கில்ஹோவோட காது நுனி வரைக்கும் சிவந்துச்சு. கிண்ணத்தை ரெண்டு கையாலயும் தூக்கி, மூஞ்சிய அதுக்குள்ள மறைச்சுக்கிட்டு சூப்பைக் குடிச்சான். குடிச்சுத் தீர்ந்து ரொம்ப நேரம் ஆச்சு. அந்தப் பையன் பேசி முடிச்சுட்டு எந்திரிச்சுப் போற வரைக்கும் இவன் கிண்ணத்தைக் கீழ வைக்கல.